கொடிமரத்தில் ஏறிய செம்பந்து



முன்பனி, பின்பனி எனப் பருவம் இரண்டு வகுத்த மொழி தமிழ். எனினும் அப்பனி, புல்நுனியில் தங்கிக் கதிர் பட்டதும் மறைவது. ஏரி முழுதும் கல்லாக இறுகி, அதன்மேல் மாந்தர் நடந்து திரிவதை உறைபனி என்று அடைகொடுத்தே உணர்த்த வேண்டியுள்ளது. அவ்வுறைபனி ஒரு மாநகரின் பொதுச்செல்வமாக விளங்கிய வரலாறே இவ்வுரையின் பொருள்.

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவுக்கு ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்னும் இருவரின் திட்டம் 1858-இல் தேர்ந்தெடுக்கப்பெற்றது. நட்ட மரங்கள் நிழல்தரும் முன்பே, அவ்வாண்டு டிசம்பரில் அங்கிருந்த ஏரி உறைந்தது, நகரம் திரண்டது. பூங்காவில் மக்கள் முதன்முதல் துய்த்த பகுதி அவ்வேரியே. பனித்தளம் ஆள்பாரம் தாங்கும் என்பது உறுதியானதும், உயர்ந்த பாறைமேல் நின்ற கொடிமரத்தில் சிவப்புப் பந்து ஒன்றை ஏற்றுவர். குதிரை இழுத்த டிராம் வண்டிகளும் கொடி கட்டி அச்செய்தியைத் தெருதோறும் கொண்டு செல்லும். நுழைவுக் கட்டணம் இல்லை. சறுக்குக் காலணி இல்லாதார் வாடகைக்குப் பெறலாம்.

ஏரியின் மேற்குக் கிளை ஒன்று மகளிர்க்கென ஒதுக்கப்பெற்றது. வின்ஸ்லோ ஹோமர் என்னும் ஓவியர் 1860-இல் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் அக்காட்சியை வரைந்துள்ளார். குடும்பப் பெண்டிர் வெட்டவெளியில், பலர் காண, உடலை வருத்தி ஆடுதற்கு இசைவிருந்த ஆட்டங்கள் அந்நாளில் மிகச் சில. வழுக்கி விழுபவர்க்கு ஒருவர் கைகொடுத்தாக வேண்டும் அல்லவா? ஆணும் பெண்ணும் கைகோத்துச் செல்ல ஒழுக்கம் பேசுவோரும் வாய்திறவாது இசைந்த இடம் பனித்தளமே. மகளிர்க்கென்று வகுத்த எல்லை நாளடைவில் வழக்கொழிந்தது.

இயற்கைப் பனி வானத்தின் தயவை நம்பியது. செயற்கைக் குளிர்பதனம் அந்நிலையை மாற்றியது. பாஸ்டன் பகுதி ஏரிகளில் வெட்டிய பனிப்பாளங்களைக் கப்பலில் வரவழைத்துச் சேமித்த சென்னை 'ஐஸ் ஹவுஸ்' பயனற்றுப் போனதும் அதே கண்டுபிடிப்பால்தான். நியூயார்க்கில் கேட் வோல்மன் என்னும் அம்மையார் தம் குடும்பத்தார் நினைவாக 6 இலட்சம் டாலர் வழங்கினார். பூங்காவின் தென்கிழக்கே, குளமொன்றின் வடகிளையை மூடி, 1949 இறுதியில் வோல்மன் பனித்திடல் எழுந்தது. தளத்தின் கீழே குழாய்களில் உப்புநீர் ஓடும். கடுங்குளிரிலும் உப்புநீர் உறையாது. மேலே தெளித்த நன்னீர் உறையும்.

பழுதுபார்க்க வேண்டி 1980-இல் திடலை மூடினர். உப்புநீரை விடுத்து ஃப்ரியான் வாயுவைச் செலுத்தினால் மின்செலவு குறையும் என்று நகராட்சி கருதியது. நோக்கம் நன்று, குழாய்களோ கசிந்தன. ஆறு ஆண்டுகளில் 1 கோடி டாலருக்கு மேல் செலவாகியும் பனி உறையவில்லை. 1986-இல் கட்டடத் தொழிலதிபர் டொனால்ட் டிரம்ப் பணியை ஏற்று, பழைய உப்புநீர் முறைக்கே திரும்பி, அவ்வாண்டு நவம்பரில் திடலைத் திறந்தார். ஒதுக்கிய ஏறத்தாழ 30 இலட்சம் டாலரும் முழுதாகச் செலவாகவில்லை.

அரசு தோற்றது, தனியார் வென்றார் என்று இதனைச் சுருக்கிக் கூறுவது பெருவழக்கு. அது பாதி உண்மையே. குழாய்ப்பணி, மின்பணி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஒப்பந்தம் வழங்கியாக வேண்டும் என்ற மாநிலச் சட்டம் நகராட்சியின் கைகளைக் கட்டியிருந்தது. தனியாரை அது கட்டவில்லை. செலவிட்ட பணமும் நகரத்தின் பணமே. பெயர் மட்டும் ஒருவர்க்காயிற்று. வோல்மன் அம்மையார் கொடுத்தது தம் பணம் என்பதை எத்தனை பேர் நினைக்கின்றனர்? பிற்காலத்தில் டிரம்ப் நிறுவனமே ஒப்பந்த முறையில் திடலை நடத்திவந்தது. 2021 சனவரியில் வாசிங்டன் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டதை அடுத்து, அவ்வொப்பந்தத்தை நகராட்சி முடித்துக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் வேறு நிர்வாகத்தின்கீழ்த் திடல் திறந்தது.

பூங்காவின் வடகோடியில், ஹார்லெம் மக்கள் வாழும் பகுதியை ஒட்டி, 1966-இல் லாஸ்கர் திடல் கட்டப்பெற்றது. குளிர்காலத்தில் பனித்தளம், கோடையில் நீச்சல்குளம். ஆனால் அக்கட்டடம் அங்கே ஓடிய ஓடையைக் கண்ணுக்கு மறைத்துவிட்டது. அதனை இடித்து எழுப்பிய டேவிஸ் மையம் 2025 ஏப்ரலில் திறக்கப்பெற்றது. அங்கும் பனித்தளமும் நீச்சல்குளமும் உண்டு. மறைந்திருந்த ஓடை மீண்டும் வெளிப்பட்டு, அருகிலுள்ள ஏரிக்குச் செல்கின்றது.