பாஸ்புக்கில் இருக்கும் ஒரு சொல்



எங்க குழு கணக்கு ஆரம்பிச்ச புதுசுல, பாஸ்புக்கைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்க கட்டின சேமிப்பு முழுக்க ‘கிரெடிட்’ என்ற பத்தியில் இருந்தது. கிரெடிட்னா கடன்தானே, நாம இன்னும் கடனே வாங்கலையேன்னு பயந்துட்டேன். வங்கியில் கேட்கக் கூச்சம். கல்லூரியில் படிக்கிற மகள்தான் அகராதியைப் பார்த்துச் சொன்னாள்.

அது பழைய ரோமாபுரி மக்கள் பேசிய லத்தீனிலிருந்து வந்த சொல்லாம். லத்தீனில் ‘கிரேதெரே’ என்றால் நம்புவது. ‘கிரேதிதும்’ என்றால் நம்பி ஒப்படைத்தது. பிறகு அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது.

அப்போதான் எனக்குப் புரிந்தது. நாம வங்கியை நம்பிப் போட்ட பணம் கிரெடிட். வங்கி நம்மை நம்பிக் கொடுக்கிற கடனும் கிரெடிட். இதில் முதலில் நம்பியது நாமதான்! சேமிப்புக்கு அப்புறம்தானே கடன்?

தமிழிலும் இப்படி ஒரு சொல் இருக்கு. காசுக்கும் நாணயம், நேர்மைக்கும் நாணயம்.

1992-இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாத பெண்களுக்கு அதில் வழி திறந்தது. நாம தவறாமல் கூடுகிற கூட்டம், சேமிப்பு, உள்கடன், ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவது, எழுதுகிற கணக்கு, இந்த ஐந்தும்தான் நமக்கு ஈடு.

ஒரு வருஷம் சின்ன வெங்காயம் அழுகி, எங்க குழுவில் ஒரு தங்கச்சியால் மூணு தவணை கட்ட முடியலை. யாரும் அவ வீட்டு வாசலில் நின்று சத்தம் போடலை. கூட்டத்தில் பேசி, நாங்க பகிர்ந்து கட்டினோம். அடுத்த மகசூலில் ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் கொடுத்துட்டா. குழுமேல வங்கிக்கு இருந்த நம்பிக்கையும் போகலை, அவளுக்கு எங்கமேல இருந்த நம்பிக்கையும் போகலை.

கூட்டமைப்பை இங்கிலீஷில் ஃபெடரேஷன் என்கிறோமே, அதுவும் லத்தீன்தான். ‘ஃபொய்துஸ்’ என்றால் உடன்படிக்கை.

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீங்க. இது என்ன வார்த்தைன்னு கேளுங்க. கேட்கிறதுல வெட்கமே இல்லை. நம்பிக்கை கொடுத்தவங்களுக்குக் கேட்கிற உரிமையும் உண்டு.