ஒலி வரம்பும் சாலைச் சோதனையும்



திருவனந்தபுரத்தின் கவடியார்–வெள்ளயம்பலம் சாலையில் இரவில் விரையும் மோட்டார் சைக்கிள்களின் முழக்கம் நம்மில் பலருக்குப் பழக்கமானது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. இது சுற்றுப்புறத்துக்குரிய வரம்பு. தனியொரு வண்டியின் மீது குற்றம் மெய்ப்பிக்க உதவாது.

நின்ற வண்டியின் ஒலியை அளக்க, கருவியைப் புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைக் கோணத்தில் நிறுத்தல் வேண்டும். சுற்றிலுமுள்ள ஓசையோ அதனினும் 10 டெசிபலேனும் குறைந்திருத்தல் வேண்டும். நெரிசல் மிக்க சாலையில் இது எளிதா?

வேறு சைலன்சர் பொருத்தப்பட்டிருப்பதைக் காணக் கருவி வேண்டுவதில்லை. பயின்ற கண் போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. 2022 பிப்ரவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை ‘ஆபரேஷன் சைலன்ஸ்’ என்னும் சோதனையை நடத்தியதும் இத்தகைய வண்டிகளைத் தேடியே. ஆனால் குழாயைக் கழற்றி மாட்ட நெடுநேரம் ஆகாது. சோதனை ஓய்ந்ததும் பழையபடி ஏறிவிடும். எனவே அபராதத்தோடு விடாது, மூலக் குழாயுடன் வண்டியை மீண்டும் கொணர்ந்து காட்டச் செய்தல் வேண்டும். மாற்றித் தரும் பட்டறைகளுக்கும் அதிகாரிகள் செல்லுதல் வேண்டும்.