உணவு எழுத்துக்கான பரிசும் நடுவர் கடமையும்

உணவைப் பற்றிய நூல்களுக்கு ஆண்டுதோறும் பரிசளிக்கும் வழக்கம் ஆங்கில நூலுலகில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வேரூன்றியிருக்கிறது. உணவு எழுத்து என்னும் தொடர் சமையற்குறிப்பு நூல்களோடு உணவு வரலாறு, உணவைத் தேடிச் சென்ற பயணங்களின் பதிவு, குடும்ப உணவு நினைவுகள், உணவக விமரிசனம் ஆகியவற்றையும் தழுவுவது. ஒரு புதினத்தை மதிப்பிடும் நடுவருக்கு அதன் பக்கங்களுக்கு வெளியே செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. சமையற்குறிப்பை மதிப்பிடுபவரோ, எழுதியபடி செய்தால் எழுதிய பண்டம் வருகிறதா என்பதையும் அறிந்தாக வேண்டும். கண்ணால் படித்தும் கையால் செய்தும் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூற வேண்டிய இலக்கியத் துறை இது என்பதும், இவ்விரண்டில் ஒன்றைக் கைவிடும் பரிசு எழுத்தாளருக்கும் வாசகருக்கும் அநீதி இழைக்கிறது என்பதும் இச்சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்து.

நினைவும் அளவுகோலும்

பிரிட்டனில் வழங்கப்படும் மூன்று நினைவுப் பரிசுகள் இவ்வாய்வுக்கு ஏற்றவை. பாரிசில் 1877-இல் பிறந்து, ஷாம்பெய்ன் வணிகராக இங்கிலாந்துக்கு வந்து, 1933-இல் திராட்சை மது, உணவுக் கழகத்தை நிறுவி, நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களையும் சிறுநூல்களையும் எழுதி 1970-இல் மறைந்த ஆந்த்ரே சிமோன் நினைவாக, உணவு நூலுக்கும் பான நூலுக்கும் 1978 முதல் பரிசளிக்கப்படுகிறது. இப்பரிசைத் தம் காய்கறி நூலுக்கும் (1978) பழ நூலுக்கும் (1982) பெற்றவர் ஜேன் கிரிக்சன். ஒரு கிழங்கைப் பற்றி எழுதும்போது அதன் வரலாற்றையும் அதைப் பாடிய இலக்கியத்தையும் சமைக்கும் முறையையும் ஒரே மூச்சில் சொல்லும் ஆற்றல் வாய்ந்த அவர் 1990-இல் மறைந்தார். ஒப்பந்தமாகியும் இன்னும் வெளிவராத முதல் நூலை எழுதும் புதிய எழுத்தாளருக்கு அவர் பெயரில் 2016 முதல் விருது வழங்கப்படுகிறது. மூன்றாவது, அஸ்டெக், மாயா, இன்கா மக்களின் உணவைப் பழைய ஆவணங்களிலிருந்து மீட்டெழுதிய மானிடவியலாளர் சோஃபி கோவின் நினைவாக 1995-இல் தோன்றியது. உணவு வரலாற்று ஆய்வுக் கட்டுரைக்கு உரிய இப்பரிசு, ஆலன் டேவிட்சனும் தியோடர் செல்டினும் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு உணவுக் கருத்தரங்கில் அறிவிக்கப்படுகிறது.

இம்மூன்றும் எழுத்தின் மூன்று வெவ்வேறு நிலைகளைத் தொடுகின்றன. ஒன்று முடிந்த நூலையும், ஒன்று முடியாத நூலையும், ஒன்று ஆய்வையும் மதிப்பிடுவதால், மூன்றுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. ஆதலின் அறக்கட்டளை நிறுவுவோரின் முதற்கடமை, நினைக்கப்படுபவர் தம் எழுத்தில் எதைப் போற்றினாரோ அதையே அளவுகோலாக எழுத்தில் வடித்து நடுவரிடம் ஒப்படைப்பதாகும். அதைச் செய்யாத நிலையில் பெயர் மட்டும் நினைவாக நிற்க, தீர்ப்பு அந்தந்த ஆண்டு நடுவரின் விருப்பத்துக்கு உட்பட்டுவிடும்.

அடுப்படிச் சோதனை

சமையற்குறிப்பு என்பது அருகில் கற்றுக்கொடுக்க ஆளில்லாத ஒருவருக்குச் சொல்லப்படும் அறிவுரை. மூத்தோரின் துணையின்றிக் குடித்தனம் தொடங்கும் பெண்களை மனத்தில் கொண்டு எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ பல தலைமுறைகளாக வாழ்வதற்குக் காரணம், அந்தத் தனிமையை அது உணர்ந்திருந்ததுதான். ஆகவே அடுப்படியில் நடுவர் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. பொருள்கள் பயன்படும் வரிசையில் சொல்லப்பட்டுள்ளனவா, வெங்காயம் பத்து நிமிடம் வதங்க வேண்டும் என்பதோடு அது எந்த நிறத்துக்கு வர வேண்டும் என்பதும் கூறப்பட்டுள்ளதா, மாவு தளர்ந்துபோனால் செய்ய வேண்டியது விளக்கப்பட்டுள்ளதா என்பன அவை.

சோதிக்கும் குறிப்புகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதும் முக்கியமானது. அட்டைப்படத்தில் இடம்பெற்ற பண்டம் பதிப்பகத்தாரால் ஏற்கெனவே பலமுறை செய்து பார்க்கப்பட்டிருக்கும். ஆதலால் ஒளிப்படம் இல்லாத குறிப்பு ஒன்றையும், கைப்பழக்கம் மிகுதியும் தேவைப்படும் குறிப்பு ஒன்றையும், அன்றாடச் சமையலுக்குரிய எளிய குறிப்பு ஒன்றையும் எடுப்பதே நேர்மையான முறை. ஒருவர் கையில் பண்டம் கெட்டுப்போனால் அதை உடனே நூலின் குற்றமாகக் கருதலாகாது; அடுப்பின் அனல், மாவின் தரம், நடுவரின் அனுபவம் ஆகியவை மாறக்கூடியவை என்பதால், மற்றொரு நடுவரும் அதையே செய்து பார்த்த பின்னரே குறையைப் பதிவு செய்ய வேண்டும்.

நடையும் மூலமும்

பண்டம் சரியாக வந்துவிட்டது என்பதாலேயே எழுத்து சிறந்துவிடாது. சுவையை எழுதுவது கடினம். ‘அருமை’, ‘அற்புதம்’ போன்ற சொற்கள் எந்தப் பண்டத்துக்கும் பொருந்துவதால் எதையும் உணர்த்துவதில்லை. கடிக்கும்போது எழும் ஒலி, நாவில் முதலில் தோன்றும் சுவை, விழுங்கிய பின் நிற்கும் காரம் என்று ஒரு பண்டத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் எழுத்தே மதிப்புடையது. அழகிய ஒளிப்படங்கள் இக்குறையை மறைத்துவிடக்கூடும் என்பதால், வடிவமைப்பு இன்னும் முடியாத கட்டத்திலேயே எழுத்தை மதிப்பிடும் கிரிக்சன் விருதின் முறை ஒரு பெரிய பாதுகாப்பாகிறது. பிற பரிசுகளின் நடுவர்களும் முதல் வாசிப்பைப் படங்களற்ற படியில் நிகழ்த்தலாம்.

இன்னும் ஆழமான கேள்வி மூலத்தைப் பற்றியது. அமெரிக்கச் சட்டத்தின்படி ஒரு குறிப்பில் உள்ள பொருட்பட்டியலுக்கு மட்டும் பதிப்புரிமைப் பாதுகாப்புக் கிடையாது. ஒருவர் வீட்டில் கற்ற முறையை மற்றொருவர் தம்முடையதென அச்சிட்டாலும், சொற்களை மாற்றிவிட்டால் சட்டம் பெரும்பாலும் தலையிடுவதில்லை. சட்டம் விட்ட இடத்தில் அறத்தைக் காக்கும் பொறுப்பு நடுவர் குழுவைச் சேர்கிறது. கற்பித்த பெண்களின், சமூகத்தின், வட்டாரத்தின் பெயர் நூலில் உள்ளதா, ஒரு பண்டம் நூற்றாண்டுகள் பழையது என்னும் கூற்றுக்குச் சான்று காட்டப்பட்டுள்ளதா என்று சோஃபி கோவின் ஆய்வுக் கண்டிப்போடு கேட்பது எல்லா உணவுப் பரிசுகளுக்கும் பொதுவான கடமையாகும்.

தீர்ப்பின் நம்பகம்

ஆந்த்ரே சிமோன் பரிசில், அறங்காவலர்களோடு உணவுக்கு ஒருவரும் பானத்துக்கு ஒருவருமாக வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர்கள் சேர்ந்து செயல்படுகின்றனர். துறை வல்லுநர் ஒருவர் எல்லா நூல்களையும் ஒரே பார்வையில் காண்பதால் ஒப்பீடு சீராக அமைகிறது. ஆனால் அவருடைய நாக்கு அறியாத சமையல் மரபுகள் ஓரம்கட்டப்படும் ஆபத்தும் உண்டு. இத்தகைய கேள்விகள் முற்றும்போது நிறுவனங்களே நின்று சிந்திக்க நேரிடும் என்பதற்கு அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளை சான்று. 2020-இல் அது உணவக, சமையற்கலைஞர் விருதுகளை அறிவிக்காமல் நிறுத்தி, தன் விதிகளையும் நடைமுறைகளையும் தணிக்கைக்கு உட்படுத்தி, 2022-இல்தான் விருது விழாவை மீண்டும் நடத்தியது.

இதிலிருந்து பெறப்படும் பாடம் தமிழில் இத்தகைய அறக்கட்டளை அமைக்க எண்ணுவோருக்கும் உரியது. ஒரு நூலின் சமையல் மரபை அறிந்த ஒருவரும் அறியாத ஒருவரும் குழுவில் இருக்க வேண்டும். முன்னவர் உண்மையையும் பின்னவர் தெளிவையும் காப்பர். நூலாசிரியரோடும் பதிப்பகத்தோடும் உள்ள உறவை நடுவர்கள் முன்கூட்டியே தெரிவித்து விலக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் குறிப்புகள் சமைக்கப்பட்டன, எவை தேறின, எந்த நடைச்சிறப்பால் நூல் முந்தியது என்பதைக் கூறும் நடுவர் அறிக்கை பரிசோடு சேர்த்து அச்சாக வேண்டும். அவ்வறிக்கையே தோற்ற நூலாசிரியருக்கு ஆசானாகவும், அடுத்த நூலை எழுதுபவருக்கு இலக்கணமாகவும் அமைந்து, ஓர் ஆண்டுப் பரிசை நிலைத்த பயனுடைய அறமாக்கும்.