ஈயமணலும் ஈயச்சேறும்



மொழியாராய்ச்சி செய்தவருக்கு மண்ணைப் பற்றி என்ன பேச்சு என்று காப்பாரில் கூடியுள்ள இவ்வவை எண்ணக்கூடும். யாம் பேச வந்தது ஒரு பிழையைப் பற்றி. அது எம் பிழை. பல்லாண்டுகளுக்கு முன் பள்ளிகளுக்கான கலைச்சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்தபோது, ஈய லம்பத்திலிருந்து வெளியேறும் அனைத்துக்கும் ‘கழிவுமண்’ என்ற ஒரே சொல்லை இட்டோம். பின்னர், லம்பம் இருந்த நிலத்தில் பள்ளித் தோட்டம் அமைத்த ஆசிரியர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். ஒரு பாத்தியில் கன்றுகள் கருகிப்போயின. சற்றுத் தள்ளி மற்றொரு பாத்தியில் வேரழுகிச் செத்தன. “இரண்டும் கழிவுமண்தானே, ஐயா?” என்றார். எமக்கு விடை தெரியவில்லை.

விடை லம்பத்தின் வேலைமுறையில் இருந்தது. நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அக்குழம்பைப் பாலோங் என்னும் நீண்ட சாய்வுத் தொட்டியில் ஓடவிடுவர். ஈயத்தாது மணலைப்போல் இரண்டரை மடங்கு கனமுடையதாதலின் தொட்டியிலேயே தங்கும். எஞ்சியது வெளியேறும்போது பருமணல் அருகிலேயே படியும். நுண்களி நெடுந்தொலைவு மிதந்து சென்று குட்டையில் அடையும். இயற்கை கலந்து வைத்திருந்ததை நீர் இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

மணலில் நீர் நில்லாது; இட்ட உரமும் மழையோடு இறங்கிவிடும்; நண்பகலில் மேற்பரப்பு இளவேரைச் சுடும். சேறோ நீரையும் சத்தையும் பற்றிக்கொள்ளும். ஆனால் வடியாது, வேருக்குக் காற்று விடாது, காய்ந்தால் பாளமாக இறுகும். ஒன்றின் குறை மற்றொன்றின் நிறை. இதனை ஒரே சொல்லால் மூடியவர் யாம். ஈயமணல், ஈயச்சேறு என்று இரு சொற்கள் வேண்டும். (இங்கு ஈயம் என்றது வெள்ளீயத்தை, காரீயத்தை அன்று. இக்குழப்பமும் வகுப்பறைகளில் உண்டு.)

தீபகற்ப மலேசியாவில் இத்தகைய நிலம் ஏறத்தாழ 113,700 ஹெக்டர் என்று ஆய்வேடுகள் கூறுகின்றன. 1985இல் ஈயச் சந்தை சரிந்தபின் பல லம்பங்கள் அப்படியே கைவிடப்பட்டன. நகருக்கு அண்மையில் இருந்தவை சன்வே போலக் கட்டடங்களாயின. எல்லா நிலத்துக்கும் அந்த வாய்ப்பு இல்லை. கெப்போங்கில் பழைய ஈயக் குட்டைகளும் காய்கறிப் பாத்திகளுமாகக் கிடந்த இடத்தில் 1920களில் மரம் நடத் தொடங்கினர். வன ஆய்வுக் கழகத்தின் அந்தக் காடு 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பேராக் மாநிலத்துப் பீடோரில் அதே கழகம் ஈயமணலிலேயே மரம் வளர்த்துக் காட்டியிருக்கிறது. அவ்வட்டாரத்துக் கொய்யாவை நீங்கள் உண்டிருப்பீர்கள்.

ஓர் எச்சரிக்கை: சில லம்ப நிலங்களில் ஆர்செனிக் மிகுந்திருக்கும். உண்ணும் பயிராயின், நடுவதற்குமுன் மண்ணாய்வு தேவை.

அந்த ஆசிரியர் ஆய்வு முடித்தபின் சேற்றைக் காயவைத்து உடைத்து, கோழி எருவோடு மணற்பாத்தியில் கலந்தார். மறுபருவம் ஒரு கட்டுப் பயற்றங்காயோடு எம் வீட்டுக்கு வந்தார். சொற்பட்டியலின் திருத்திய பதிப்புத்தான் இன்னும் வரவில்லை.