நம் நகரச் சுவர்களும் நம் கடல் மீன்களும்

திருகோணமலைக் கோட்டைக்குள் நுழைகின்ற எவரும் ஒரு கல்லைக் கடந்தே செல்ல வேண்டும். வாயிலின் நிலையில் பதிக்கப்பெற்றுள்ள அந்தக் கல்லில் சிதைந்த தமிழ் எழுத்துக்கள் காணப்படுகின்றன. அவற்றோடு இரண்டு மீன்களும் செதுக்கப்பட்டுள்ளன. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே அங்குக் கோட்டை கட்டினர் என்பது வரலாறு. இணைக்கயல் பாண்டியரின் சின்னம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் தன் கயற்சின்னத்தைப் பொறித்த செய்தியைப் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டுக் கூறுகின்றது. எங்கள் நகரில் பொதுமக்கள் காணுமாறு அமைந்த மீனுருவங்களுள் மிகப் பழையது இதுவே எனலாம்.

ஆயினும் அந்த மீன் ஆட்சியின் அடையாளம். அது எந்தக் கடலில் வாழ்ந்தது, எதை உண்டது, எந்தத் திங்களில் கரைக்கு வந்தது என்பனவற்றையெல்லாம் அக்கல் கூறுவதில்லை. கூறவேண்டிய கடமையும் அதற்கில்லை. வெற்றியைக் கூறுவதற்காக எழுந்த மீன் அது.

அதே புதுக்கோட்டைப் பகுதியில் வேறொருவகை மீனும் உண்டு. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்திலே ஒரு தாமரைப் பொய்கை தீட்டப்பட்டுள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் அக்கோயிலை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டால் அறிகின்றோம். அப்பொய்கையில் மீன்கள் நீந்துகின்றன, அன்னங்கள் உலாவுகின்றன, யானைகள் இறங்கி நிற்கின்றன, அடியார் மலர் பறிக்கின்றனர். அங்குள்ள மீன் எவருடைய வெற்றியையும் பறைசாற்றவில்லை. அது தன் நீரில், தன் சுற்றத்தோடு வாழ்கின்றது. வாழும் உயிரைக் கண்ணாரக் கண்டு, அதன் இருப்பிடத்தோடு சேர்த்துத் தீட்டிய கை அது.

அடையாளத்துக்காக வரையப்படும் மீன் ஒன்று. அறிந்து, அன்போடு வரையப்படும் மீன் மற்றொன்று. நம் நகரச் சுவர்களுக்கு இவற்றுள் எது வேண்டும் என்பதே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள்.

2019ஆம் ஆண்டு நவம்பரில் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலைத் தொடர்ந்து, இலங்கையின் நகரங்கள் பலவற்றில் இளைஞர்கள் தூரிகையோடு தெருவுக்கு வந்தனர். சுவரொட்டிகளாலும் வெற்றிலைக் கறையாலும் அழுக்கேறிக் கிடந்த மதில்கள் சில வாரங்களுக்குள் ஓவியங்களாயின. அவற்றுள் மலையும் அருவியும் இருந்தன, பழைய அரசர்கள் இருந்தனர், போர்க்காட்சிகளும் இருந்தன. சில சுவர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாயின. சில சுவர்கள் ஒருவருக்குப் பெருமிதத்தையும் மற்றொருவருக்கு வேதனையையும் தந்தன. யாருடைய நினைவை யாருடைய சுவரில் எழுதுவது என்ற வினா அப்போது எழுந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகின்ற எங்கள் நகரத்தில் அவ்வினாவைப் புறக்கணிக்க இயலாது.

எங்கள் பாடசாலையின் மதில் கடற்கரைக்குச் செல்லும் தெருவோரத்தில் அமைந்துள்ளது. அதிலும் ஓவியம் தீட்ட வேண்டும் என்று மாணவர்கள் விரும்பினர். எவரையும் புண்படுத்தாத பொருளாக இருக்கட்டும் என்று எண்ணி, கடல்வாழ் உயிர்களை வரையுமாறு கூறினேன். பரிசளிப்பு விழாவுக்கு முன்னர் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஐப்பசி மாதத்திலேயே வேலையைத் தொடங்கினோம். கைத்தொலைபேசியில் கிடைத்த படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் வரைந்தனர். பந்தோடு விளையாடும் ஓங்கில், சிரிக்கும் நண்டு, பனிக்கட்டியின் மேல் நிற்கும் பென்குயின் ஆகியவை எங்கள் மதிலில் இடம்பெற்றன.

மாணவன் ஒருவனின் பாட்டனார் ஒரு நாள் அவ்வழியே வந்தார். நெடுங்காலம் கடலுக்குச் சென்று ஓய்ந்தவர். மதிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்துவிட்டு என்னிடம், “ஐயா, வடிவாய்த்தான் கீறியிருக்கினம். ஆனால் இதெல்லாம் எந்தக் கடலிலே இருக்குது?” என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பினார். என்னிடம் விடை இருக்கவில்லை.

கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் வந்தன. உப்பேறிய சுவரை நன்னீரால் கழுவாமலும், அடிப்பூச்சு உலருமுன்னும் வண்ணம் பூசியிருந்தமையால் ஓவியம் செதில் செதிலாக உரிந்து வீழ்ந்தது. அதற்கு நானே பொறுப்பு. ஆனால் என்னை வருத்தியது அதுவன்று. அந்த ஓவியம் அழிந்ததற்காகத் தெருவில் ஒருவர்கூட வருந்தவில்லை. தமக்கு உரியதன்று என்று தோன்றும் ஒன்றை இழக்கும்போது மக்கள் வருந்துவதில்லை.

அதன் பின்னர் ஒரு வகுப்பில், நம் கடலில் பிடிபடும் மீன்களின் பெயர்களை எழுதுமாறு கேட்டேன். பெரும்பாலோர் மூன்று நான்கு பெயர்களோடு நின்றுவிட்டனர். பின்வரிசையில் அமர்ந்து, பரீட்சைகளில் குறைந்த புள்ளி பெறுகின்ற இரண்டு மூன்று பிள்ளைகள் மட்டும் தாளின் மறுபக்கத்தையும் நிரப்பினர். அவர்கள் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அறக்குளா, பாரை, சீலா, சூரை, விளைமீன், கலவாய், ஓரா, திருக்கை, கும்பிளா, சூடை, நெத்தலி என்று அவர்கள் எழுதிக்கொண்டே சென்றனர். ஆண்டுதோறும் நான் திருத்திய விடைத்தாள்களில் இந்த அறிவுக்கு ஒரு புள்ளியும் வழங்கப்பட்டதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மாசி பிறந்து மழை ஓய்ந்த பின்னர் மீண்டும் தொடங்கினோம். இம்முறை பாட்டனாரே எங்கள் ஆசிரியர். விடியற்காலையில் பிள்ளைகள் கரைக்குச் சென்று, படகுகள் வரும்போது நின்று வரைந்தனர். மீன் இறந்த சிறிது நேரத்துக்குள் அதன் நிறம் மங்கத் தொடங்கிவிடுகின்றது. இதை முன்னரே அறிந்த ஒருவர் இந்நாட்டில் இருந்தார். பென்னெற் என்ற ஆங்கிலேயர் 1830இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை மீன்களைப் பற்றிய நூலில், முப்பது வண்ணப் படங்கள் உள்ளன. உயிருள்ள மீன்களைப் பார்த்து வரைந்தவை என்பதை அவர் நூலின் தலைப்பிலேயே குறிப்பிட்டார். எங்கள் பிள்ளைகளும் அந்த விதியையே தம்மால் இயன்றவரை பின்பற்றினர்.

அறக்குளாவின் வெள்ளிப் பக்கத்தில் குறுக்காக ஓடும் கோடுகளையும், முதுகிலிருந்து கவட்டு வால்வரை வரிசையாக நிற்கும் சிறு செட்டைகளையும் அவர்கள் எண்ணிப் பார்த்து வரைந்தனர். பாரையின் வாலடியில் தடவினால் கையைக் கீறும் தடித்த செதில்வரிசை இருப்பதைப் பாட்டனார் காட்டினார். கிளிமீன் தன் அலகால் பவளப்பாறையைச் சுரண்டி உண்கின்றது; அது கழிக்கும் பாறைத்தூளே வெண்மணலாகக் கரைசேர்கின்றது என்று அறிந்தபோது பிள்ளைகள் வியந்தனர்.

நிலாவெளிக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு இருக்கின்றது. மாடப்புறாக்கள் அங்குள்ள பாறைகளில் கூடு கட்டுவதால் அதற்கு அப்பெயர். 1963இல் சரணாலயமாக்கப்பெற்ற அத்தீவும் சூழ்ந்துள்ள கடலும் 2003இல் தேசியப் பூங்காவாயின. நூறளவான பவள இனங்களும் முந்நூறளவான பவளப்பாறை மீனினங்களும் அங்குப் பதிவாகியுள்ளன. அங்கு உலாவும், செட்டை நுனி கறுத்த சுறாவும் எங்கள் மதிலுக்கு வந்தது.

துறைமுகத்தின் வாயிலருகே கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகின்றது. ஆழ்கடல் கரைக்கு இவ்வளவு அண்மையில் இருப்பதனாலேயே திமிங்கிலங்கள் இங்கு வருகின்றன. 1980களின் தொடக்கத்தில் ‘துலிப்’ என்ற ஆய்வுப் பாய்க்கப்பல் இக்கடலில் திமிங்கிலங்களை ஆராய்ந்தது. எங்கள் மதிலின் நீளம் இருபது மீற்றர். வளர்ந்த நீலத் திமிங்கிலத்துக்கு அது போதாது. ஆகவே, நீரில் மூழ்கும் அதன் வாலை மட்டும் ஓர் ஓரத்தில் வரைந்தனர். அமெரிக்க ஓவியர் வைலண்ட் 1981 முதல் 2008 வரை உலக நகரங்களில் நூறு பெருஞ்சுவர்களில் கடல்வாழ் உயிர்களைத் தீட்டினார். திமிங்கிலங்களை அவற்றின் உண்மை அளவிலேயே வரைவது அவர் வழக்கம். எங்களிடம் அத்துணைச் சுவர் இல்லை. எனினும் வாலைக் கண்டு முழு உடலையும் எண்ணிப் பார்க்கும் ஆற்றல் குழந்தைகளுக்கு உண்டு.

மீன்களின் அருகே பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். அயற்பாடசாலையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல எங்கள் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்தது. நாம் பாரை என்பதை அவர்கள் பரவா என்கின்றனர். நமது சூடை அவர்களுக்குச் சூடயா. நமது கும்பிளா அவர்களுக்குக் கும்பலாவா. மேடைகளில் நாம் பேசும் ஒற்றுமையைக் காட்டிலும், வலை இழுத்தவர்களும் கூடை சுமந்தவர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுப் பழகிய இந்தச் சொற்கள் பழையவை, உறுதியானவை.

நேயர்களே, இத்துடன் பேச்சை முடித்தால் அது இனிய கதையாகிவிடும். ஆனால் மதிலின் கடைசிப் பகுதியைப் பற்றியும் நான் கூற வேண்டும். அங்கு ஒரு புள்ளிமானை வரைந்துள்ளோம். கோட்டையிலும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் அச்சமின்றி உலவுவது எங்கள் ஊரின் தனிச்சிறப்பு. வெளியூரிலிருந்து வருகின்றவர்கள் அவற்றைப் படம் பிடித்து மகிழ்கின்றனர். அந்த மான்களோ நாம் எறிந்த குப்பையில் மேய்ந்து, உணவோடு பொலித்தீனையும் விழுங்குகின்றன. அது செரிக்காது, வயிற்றில் திரண்டு, மெல்லக் கொல்லும். ஓவியம் முடிந்த வாரத்திலேயே, வரைந்த மானின் காலடியில் ஒரு பொலித்தீன் பை கிடந்ததை ஒரு மாணவி எனக்குக் காட்டினாள். “இதையும் சேர்த்துக் கீறியிருக்க வேணும் ஐயா” என்றாள்.

வெடிவைத்து மீன்பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தால் தடுக்கப்பட்டது. எனினும் கிழக்குக் கடலில் அந்த ஓசை முற்றாக ஓய்ந்துவிடவில்லை. ஒரு வெடி, பிடிக்கப்படும் மீனோடு குஞ்சையும் முட்டையையும் பாறையையும் சேர்த்தே அழிக்கின்றது. புறாத்தீவுக்குச் செல்லும் உல்லாசப் பயணியின் கால் பட்டு முறியும் பவளம் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் வேண்டும். கடல்நீர் வழக்கத்துக்கு மேல் வெம்மையுறும்போது பவளம் வெளிறிப் போகின்றது.

ஆகவே பொதுச்சுவரில் ஓர் உயிரை வரைவது அழகுபடுத்தும் செயல் மட்டுமன்று. இது எங்களுடையது, இதை நாங்கள் அறிவோம், இதைக் காப்போம் என்று தெருவறிய எழுதிக்கொடுக்கும் உறுதிச்சீட்டு அது. உறுதியைக் காவாதவிடத்து, அதே ஓவியம் நாளை இறந்தோர் படமாகிவிடும். இங்கு இத்தகைய மீன் ஒரு காலத்தில் இருந்தது என்று நம் பேரப்பிள்ளைகள் அதைச் சுட்டிக்காட்டும் நிலை வருமானால், நாம் தீட்டிய வண்ணம் எவ்வளவு நிலைத்திருந்தும் பயனில்லை.

உங்கள் ஊரிலும் ஒரு வெற்று மதில் இருக்கும். குளம் இருந்தால் குளத்து மீனையும், காடு இருந்தால் காட்டுப் பறவையையும் வரையுங்கள். வரையுமுன் அவற்றை அறிந்த முதியவர் ஒருவரை அழைத்துக் கேளுங்கள். மழை ஓய்ந்த பின்னர்ச் சுவரைக் கழுவி, அடிப்பூச்சு நன்றாய்க் காய்ந்தபின் தொடங்குங்கள்.

எங்கள் பாட்டனார் இப்போதும் மாலையில் அத்தெருவழியே வருவதுண்டு. சென்ற மழையில் சூடைக் கூட்டத்தின் ஒரு பகுதி உரிந்துவிட்டது. மறுநாட் காலையிலேயே அதைச் சொல்வதற்காக அவர் அலுவலக வாயிலில் வந்து நின்றார். இம்முறை ஒருவர் வருந்தினார், நேயர்களே. பிள்ளைகள் தூரிகையோடு மீண்டும் சென்றனர்.