கல்லாவில் ஆளில்லாத கடை

(பிள்ளையார்பாளையத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு தோழர் சிரித்தார். தறி ஓடுற தெருவுல நின்னுக்கிட்டு அமெரிக்காக்காரன் கடையைப் பத்திப் பேச வந்துட்டான்னு அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். சிரிக்கட்டும். நம்ம ஊர்ப் பட்டுக்கடைக்கு அந்த இயந்திரம் வராது என்றுதான் நானும் நினைக்கிறேன். நாற்பது புடவையைப் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு, 'வீட்ல கேட்டுட்டு வரேன்'னு எழுந்து போற அம்மாவை வழியனுப்பிவிட்டு, நாற்பதையும் திரும்ப மடித்து வைக்க எந்த இயந்திரத்துக்கும் பொறுமை கிடையாது.

ஆனால் மற்ற இடங்களைப் பாருங்கள். 2022-இல் கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தை வைத்தார்கள். 2023-இல் கோயம்பேட்டில் ஒரு மாலில் இருந்த டாஸ்மாக் கடைக்குள் பாட்டில் தரும் இயந்திரம் வந்து பெரிய ரகளை ஆனது. விளையாட்டுச் சாமான் விற்கிற டெகாத்லான் கடையில் எடுத்த பொருளையெல்லாம் ஒரு தொட்டிக்குள் போட்டால் அதுவே விலை கூட்டிச் சொல்லிவிடும், காசு கட்டிவிட்டு நாமே வெளியே வரலாம். 2024 ஆகஸ்டில் புவனேஸ்வரத்தில் ரேஷன் அரிசிக்கே ஒரு ஏ.டி.எம். திறந்தார்கள். கைரேகை வைத்தால் 5 நிமிடத்தில் 50 கிலோ வரை கொட்டுமாம். இதன் உச்சம் 2018 ஜனவரியில் அமேசான் கம்பெனி சியாட்டில் நகரத்தில் பொதுமக்களுக்குத் திறந்த கடை. கூரை முழுக்க கேமரா. எடுத்துக்கிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான், கணக்கு பின்னாலேயே வந்து கார்டில் பிடித்துக்கொள்ளும். வரிசை இல்லை, கல்லா இல்லை, கல்லாவில் ஆளும் இல்லை.

இதைப் பற்றி நம்ம ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு கொஞ்ச நாளாய் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பேங்க் வரிசையில், தெருவில், பஸ்ஸில். தறி நெய்கிற பெரியவர் ஒருவர் கேட்டார்: "தப்பா கணக்கு வந்துச்சுன்னா யாருகிட்டப்பா சண்டை போடுறது?" கல்லூரித் தம்பி, வரிசையில் நிற்கிற கொடுமை ஒழிஞ்சா சரி என்றான். காலனியிலிருந்து தினம் வேலைக்கு வரும் ஒரு அக்கா சொன்னதுதான் என்னை இந்தப் பேச்சுக்கே இழுத்து வந்தது. "நல்லதுதானே தம்பி. மிஷினு மூஞ்சைப் பாக்காது."

மிஷினு மூஞ்சைப் பாக்காது. நம்முடைய முற்போக்குத் தோழர்கள் இயந்திரம் என்றதும் 'வேலை பறிபோகிறது, முதலாளித்துவச் சதி' என்று நேரே தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இந்த அக்கா சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது என்பது எல்லாருக்கும் ஒரே அனுபவம் கிடையாது. காசை வாசப்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அந்தக் காசின் மேல் தண்ணி தெளித்து எடுத்தார்கள். மீதிச் சில்லறை உயரத்திலிருந்து உள்ளங்கையில் விழும். பொருளைத் தொட்டுப் பார்த்து வாங்குவது என்ற பேச்சே இல்லை. பாட்டன் காலத்தோடு போச்சு என்று யாராவது சொன்னால் 2022 செப்டம்பரை ஞாபகப்படுத்துங்கள். தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளம். தின்பண்டம் வாங்க வந்த பள்ளிப் பிள்ளைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதை அவரே செல்போனில் படமும் எடுத்தார். வழக்கு வந்தது, கைது நடந்தது, கடைக்கு சீல் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு இயந்திரம் இருந்திருந்தால் காசைப் போட்டதும் மிட்டாய் விழுந்திருக்கும்.

ஆகவே சூப்பர் மார்க்கெட்டில் கூடையை எடுத்துக்கொண்டு நாமே அலமாரி அலமாரியாய்ப் போய்த் தொட்டு, முகர்ந்து, வேண்டாமென்று திரும்ப வைக்கிற உரிமை இருக்கிறதே, அது சேரிக்காரர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. 1916-இல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் பிக்லி விக்லி என்ற மளிகைக்கடை முதன்முதலில் ஜனங்களையே அலமாரிக்குள் விட்டபோது செலவைக் குறைக்கத்தான் விட்டது. யாருடைய மானத்தையும் காப்பாற்ற இல்லை. ஆனாலும் நமக்கு அதில் ஒரு மூச்சு கிடைத்தது. கிடைத்ததை இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரி, மிஷின் உண்மையிலேயே மூஞ்சைப் பார்ப்பதில்லையா? அங்கேதான் எனக்குச் சந்தேகம். அமெரிக்காவில் ரைட் எய்ட் என்று ஒரு மருந்துக்கடைக் கம்பெனி இருந்தது. கடைக்குள் வருகிறவர்களின் முகத்தை கேமராவில் பிடித்து, இவர் பழைய திருடர் என்று இயந்திரம் சொன்னால் ஊழியர்கள் பின்னாலேயே போவார்கள். இயந்திரம் திருடாதவர்களையும் திருடர் என்றது. கறுப்பர்களும் ஆசியர்களும் அதிகமாக வாழும் பகுதிக் கடைகளில் தப்பு இன்னும் கூடுதல். 2023 டிசம்பரில் அந்நாட்டு வணிக ஆணையம் 5 வருஷத்துக்கு முகமறியும் கருவியையே தொடக்கூடாது என்று கம்பெனியைக் கட்டிப் போட்டது. அதற்கு முன்பே, 2018-இல், ஜாய் புவோலம்வினி என்ற கறுப்பினப் பெண் ஆய்வாளர் பெரிய கம்பெனிகளின் முகக் கணிப்புக் கருவிகளைச் சோதித்திருந்தார். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெள்ளை ஆண்களிடம் 100-க்கு ஒன்று கூடத் தப்பவில்லை. கறுத்த பெண்களிடம் ஒரு கருவி 100-க்கு 34-க்கும் மேல் தப்பியது. நம்மை எப்போதும் திருடர்களாகப் பார்த்த ஊர் இது. குற்றப் பரம்பரைச் சட்டம் போட்ட நாடு. இங்கே கேமரா யாரைப் பார்த்து முதலில் சந்தேகப்படும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. ரூபாய் நோட்டில் பேர் கிடையாது. யார் கை மாறி வந்தாலும் நூறு ரூபாய் நூறு ரூபாய்தான். செல்போனில் கட்டும்போது நம்ம பேர் கடைக்காரர் திரையில் போய் விழுகிறது. பேரை வைத்தே அப்பன் யார், தெரு எது என்று கணக்குப் போடுகிற கெட்டிக்காரர்கள் நம் நாட்டில் நிறைய. 2019-இல் பிலடெல்பியா நகரம் எந்தக் கடையும் ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அங்கே காரணம் வறுமை, பேங்க் கணக்கு இல்லாதவர்கள். நமக்கு இந்தக் காரணமும் சேர்த்து இரண்டு.

இப்போது அந்த ஆளில்லாத கடைக்குத் திரும்புவோம். 2024 ஏப்ரலில், அமேசான் தன் பெரிய மளிகைக்கடைகளிலிருந்து இந்த ஏற்பாட்டை எடுக்கிறது என்ற செய்தியோடு இன்னொன்றும் வெளியே வந்தது. இந்தியாவில் சுமார் 1,000 பேர் உட்கார்ந்து, அந்தக் கடைகளில் யார் என்ன எடுத்தார்கள் என்று வீடியோ பார்த்துச் சரிபார்த்திருக்கிறார்கள். கம்பெனி இதை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கத்தான் ஆட்கள், கொஞ்சம் வியாபாரத்தைத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள் என்றது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆளில்லாத கடைக்கு ஆள் இருந்தார்கள் என்பது அவர்கள் வாயாலேயே வந்துவிட்டதே. அங்கே கறிகாய் எடுக்கிற வெள்ளைக்காரருக்கு அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இந்த வித்தை நமக்குப் புதுசா? 1932 டிசம்பரில் இந்து பத்திரிகையில் திருநெல்வேலிப் பக்கத்துப் புரத வண்ணார்களைப் பற்றிச் செய்தி வந்தது. பகலில் வெளியே வரக்கூடாத ஜனங்கள், ராத்திரியில் வேலை செய்துவிட்டு விடிவதற்குள் மறைந்துவிட வேண்டும். அவர்கள் வெளுத்த துணி வேண்டும், அவர்கள் கண்ணில் படக்கூடாது. அம்பேத்கரும் இதை எடுத்து எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். வீடியோ பார்க்கிற பையனுக்குச் சம்பளம் உண்டு, பஸ் உண்டு, டீ உண்டு. ஆனால் வேலை நடக்கணும், வேலை செய்றவன் தெரியக்கூடாது என்ற ஆசையின் வாடை எனக்குப் பழக்கமானதாக இருக்கிறது.

இனி கல்லாவைப் பற்றி. கடையில் மூட்டை தூக்க யார் வேண்டுமானாலும் வரலாம். கல்லாவில் உட்கார மட்டும் மச்சான், மருமகன், சொந்தக்காரர். ஏன்? கல்லாப்பெட்டி என்பது நம்பிக்கை, அதிகாரம். காசை வாங்கவும் கொடுக்கவும் அங்கே ஒரு கை இருக்கிறது. 1930-களில் சிகாகோவிலும் ஹார்லெமிலும் கறுப்பர்கள் ஒரு முழக்கம் வைத்தார்கள்: எங்களுக்கு வேலை தராத கடையில் வாங்காதே. அவர்கள் கேட்டதில் முக்கியமானது கவுன்ட்டர் வேலை. எங்கள் காசு உள்ளே போகிறது, அதை வாங்கிப் போடும் கை ஏன் எங்களுடையதாக இல்லை என்று கேட்டார்கள். வாஷிங்டனில் சானிடரி குரோசரி என்ற மளிகைக் கம்பெனி நீதிமன்றத்துக்குப் போய் மறியலுக்குத் தடை வாங்கியது. 1938-இல் உச்ச நீதிமன்றம் மறியல் செய்தவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. கடைக்குப் போகிறவர்களின் கருத்து என்றால் எனக்கு இதுதான் கருத்து.

நான் பேங்க் குமாஸ்தா. கவிதை எழுதுறவன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், சம்பளம் வருவது அந்தக் கவுன்ட்டரிலிருந்துதான். அரசு வங்கியில் இடஒதுக்கீடு இல்லாமல் அந்த நாற்காலி எனக்குக் கிடையாது. அதில் உட்கார்ந்து நான் ரசித்த ஒரு காட்சி உண்டு. நான் நீட்டிய நோட்டுக்கட்டை ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர் வாங்கி, விரலை நாக்கில் தொட்டு எண்ணினார். நூறு நோட்டுக்கு நாலைந்து தரம் நாக்குக்குப் போகிறது விரல். என் கை பட்ட நோட்டு, தோழர்களே. எந்த மேடைப் பேச்சும் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை, ஒரு கவுன்ட்டர் செய்தது. இப்போது பணம் போட, எடுக்க, பாஸ்புக் அடிக்க எல்லாவற்றுக்கும் வாசலிலேயே இயந்திரம். ஜனங்களை அங்கே அனுப்பு என்று எங்களுக்கு உத்தரவு. சிலருக்கு நிம்மதி. என்ன நிம்மதி என்று எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.

மூஞ்சைப் பார்க்காத மிஷின் நம்மை அவமானத்திலிருந்து காப்பாற்றுகிறது என்றால், அதே மிஷின் ஊர்க்காரரை நம் கையிலிருந்தும் காப்பாற்றுகிறது. அக்காவிடம் நான் சொல்ல விரும்பியது இதுதான்.

தனியார் கடையில் இடஒதுக்கீடு இல்லை. அப்படியும் எத்தனையோ பெண்பிள்ளைகள் பன்னிரண்டாவது படித்துவிட்டு சூப்பர் மார்க்கெட் பில்லிங்கில் நிற்கிறார்கள். 'நிற்கிறார்கள்' என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியதே 2021-இல்தான். நாற்காலி இப்பத்தான் வந்தது. அதுக்குள்ள ஆளை எடுக்கிற இயந்திரத்துக்கு விலை கேட்டுக்கிட்டு இருக்கான்.

இயந்திரம் எங்கே வேகமாக வருகிறது, எங்கே ஆடி அசைந்து வருகிறது என்றும் பாருங்கள். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தனியார் விடுதியின் கழிவுத் தொட்டியில் இறங்கிய மூன்று பேர் செத்தார்கள். அந்தக் குழிக்கு இயந்திரம் வந்து சேரவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்டாகிவிட்டது. ஃபேன் ஓடுற நாற்காலிக்கு இயந்திரம் வருவதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

இயந்திரத்தை உடைக்கச் சொல்கிறேனா என்று தம்பி கேட்கிறார். இல்லை. ரேஷன் கடையில் எடையில் அடிக்கிறவர்களை நினைத்தால் அந்த அரிசி ஏ.டி.எம். மேல் எனக்கும் ஆசை வருகிறது. ஆனால் நம்ம பாட்டிகளின் விரலைப் பாருங்கள். களை எடுத்து, பாத்திரம் தேய்த்து, ரேகையே இல்லை. 2020-இலிருந்து கைரேகை கேட்கத் தொடங்கியபோது எத்தனை பேர் நாலு தரம் அஞ்சு தரம் வைத்துப் பார்த்துத் திரும்பினார்கள். கடையில் ஆள் இருந்ததால் அவரிடம் சண்டை போட்டாவது வாங்க முடிந்தது. பெரியவர் கேட்டது அதைத்தான். ரயில்வேயும் டிக்கெட் இயந்திரத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் ஓய்வுபெற்ற ஊழியரைக் கமிஷனுக்கு நிறுத்தி டிக்கெட் எடுத்துத் தரச் சொல்கிறது. ஆள் இல்லாமல் ஆகாது என்று அவர்களுக்கே தெரியும். இங்கிலாந்தில் பூத்ஸ் என்ற கடைக் கம்பெனி, தானே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களை 2023-இல் பெரும்பாலான கடைகளிலிருந்து எடுத்தது. காரணம், வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. கடைக்குப் போகிறவர்கள் வாய் திறந்தால் நடக்கும்.

அதனால் மாணவர்களுக்கு ஒரு வேலை. நீங்கள் பத்துப் பேர் இருக்கிறீர்கள். காந்தி ரோட்டில் இரண்டு பேர், ரயில்வே ரோட்டில் இரண்டு பேர், மற்றவர்கள் உங்கள் உங்கள் ஊரில். கடை கடையாக ஏறிப் பாருங்கள். கல்லாவில் யார், பில்லிங்கில் யார், மூட்டை தூக்குவது யார், உட்கார நாற்காலி இருக்கிறதா, ரொக்கம் வாங்குகிறார்களா, இயந்திரம் வந்திருந்தால் அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே. சாதியை நேராகக் கேட்காதீர்கள், அடி விழும். பேசிப் பழகித் தெரிந்துகொள்ளுங்கள். பில்லிங்கில் நிற்கிற பெண்களிடம் தங்கைகள் பேசட்டும், தம்பிகள் தள்ளி நில்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அதை வைத்துத்தான் பேசப் போகிறோம். நோட்டு நான் வாங்கி வந்திருக்கிறேன், பத்து இருக்கிறது, போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.