சக்கரத்துக் கறுப்பைத் துடைப்பதற்கு முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கார் சக்கரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மேல்சித்தாமூர், செஞ்சி சுற்றுலா முடிந்த மறுநாள் பார்க்கிங்கில் எழுந்த பேச்சுதான் இதற்குக் காரணம். போன கார்கள் எல்லாவற்றிலும் முன்சக்கரம் இரண்டும் கறுத்திருந்தன. பின்சக்கரங்களில் செம்மண் புழுதி மட்டும்தான். "ஊர் மண் ஒட்டிக்கிச்சு" என்றார்கள் சிலர். ஊர் மண் என்றால் நாலு சக்கரத்திலும் ஒரே மாதிரி ஒட்டியிருக்கும். முன்னால் இருக்கும் அந்தக் கறுப்பு நம் காரிலிருந்தே வந்தது. அது பிரேக் தூசி.

மேல்சித்தாமூர் பார்சுவநாதர் கோயில் தேரைப் பார்த்தபோது, "இவ்வளவு பெரிய மரத்தேரை எப்படி நிறுத்துவார்கள்?" என்று ஒரு குழந்தை கேட்டது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுப்பார்கள். ஓடுகிற தேரின் வேகம் முழுவதையும் அந்தக் கட்டை வாங்கிக்கொள்ளும். உராய்ந்து சூடாகும், சிராய் சிராயாகத் தேயும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகும் முட்டுக்கட்டைக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது. நம் காரில் அந்தக் கட்டையின் வேலையைச் செய்வது பிரேக் பேடு. முட்டுக்கட்டை தேய்ந்தால் மரத்தூள் விழும். பேடு தேய்ந்தால் கறுப்புத் தூள் விழும்.

அந்தத் தூளில் என்ன இருக்கிறது? பேடு என்பது பிசின், இரும்பு இழை, கிராஃபைட், சில பேடுகளில் செம்பு என்று பலவற்றையும் சேர்த்து அழுத்திச் செய்த கட்டி. அது வார்ப்பிரும்பு டிஸ்க்கைப் பிடிக்கும்போது இரண்டுமே தேய்கின்றன. அதனால் தூசியில் இரும்பு நிறைய. சூடாகப் பறந்து வந்து சக்கரத்தில் ஒட்டும் இந்த இரும்புத் துகள், பனியோ மழையோ பட்டதும் துருப்பிடித்து மேல்பூச்சைக் கவ்விக்கொள்ளும். மூன்று மாதம் விட்டுவிட்டால் தேய்த்தாலும் போகாத பழுப்புப் புள்ளியாகிவிடும். ஈ.சி.ஆர். பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

முன்சக்கரத்தில் மட்டும் ஏன்? பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாயும். முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். மேலும் நம்மிடம் உள்ள சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்முக்குள் தூசி அடைந்து கிடக்கும், வெளியே தெரியாது. இன்னொன்று, தூசி ஓடிய தூரத்தைப் பொறுத்ததல்ல, பிடித்த பிரேக்கைப் பொறுத்தது. திண்டிவனம் வரைக்கும் ஜி.எஸ்.டி. சாலையில் சீராக ஓடியதில் வந்த தூசியைவிட, சுங்கச்சாவடி வரிசையிலும், அதன் பிறகு ஊருக்கு ஊர் இருந்த வேகத்தடைகளிலும் வந்தது அதிகம் இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். துணியை எடுக்கும் முன் ஒரு நிமிடம் சக்கரத்தைப் பாருங்கள். நாடி பார்ப்பது மாதிரி.

முன்சக்கரம் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கறுத்திருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் மிக அதிகமாகக் கறுத்திருந்தால், அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கலாம். ஓட்டி வந்ததும் அந்தச் சக்கரத்திலிருந்து அனல் அடிக்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மைலேஜ் குறையும். மாறாக, ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்தப் பக்கம் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்த மாதிரி ஈரப்பிசுக்கு இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை இங்கே வரவழையுங்கள். பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் பேடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுவதுதான் நல்லது. கழுவிய மறுநாள் டிஸ்க்கில் தெரியும் மெல்லிய ஆரஞ்சுத் துருவுக்கு மட்டும் பயப்பட வேண்டாம். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும்.

காலையில் நாம் இறங்கி வருவதற்குள் சக்கரம் துடைக்கப்பட்டுவிடுகிறது. அதனால் இந்த அடையாளங்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. மாதத்தில் ஒரு நாளாவது, துடைக்கும் முன் நீங்களே பாருங்கள்.

இனி, கழுவும் முறை. வண்டி ஓடி வந்த சூட்டில் கழுவக் கூடாது. கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியாத அளவுக்கு ஆற வேண்டும். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ள வாய்ப்புண்டு. ரசாயனமும் காய்ந்து கறையாகிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றித் தளர்ந்த தூசியை இறக்குங்கள். கார் ஷாம்பு கலந்த நீரில் மென்மையான பிரஷ்ஷை நனைத்து ஆரக்கால்கள், போல்ட் குழிகள், உள்வளையம் என்று தேயுங்கள். ஒரு சக்கரத்தை முடித்து அலசிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். கடைசியில் துடைத்து உலர்த்துங்கள். பிறகு வளாகத்துக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காய வையுங்கள். ஈர டிஸ்க் முதல் பிடியில் சற்றுத் தாமதமாகத்தான் பிடிக்கும். பளபளப்புக்காக அடிக்கும் டயர் பாலிஷ், எண்ணெய் ஸ்பிரே எதுவும் டிஸ்க்கிலோ டயர் சாலையைத் தொடும் இடத்திலோ படவே கூடாது. பட்டால் வண்டி நிற்காது.

ஷாம்புக்குப் போகாத புள்ளிகளுக்கு 'அயர்ன் ரிமூவர்' என்று கிடைக்கிறது. அடித்ததும் ஊதா நிறமாக வழியும். இரும்போடு வினை புரிகிறது என்று அர்த்தம். அழுகிய முட்டை வாடை வரும். முடியைச் சுருட்டும் அழகுநிலைய மருந்தில் உள்ள தயோகிளைக்கோலேட் வகைதான் இதுவும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு பயன்படுத்தி, காய்வதற்குள் அலசிவிடுங்கள். வேறு எந்தத் திரவத்தோடும் கலக்காதீர்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போதும்.

செய்யக்கூடாத ஒன்று. நம் பார்க்கிங்கில் ஒரு காரின் சக்கரத்துக்குப் பாத்ரூம் ஆசிட் ஊற்றப்பட்டதைச் சிலர் பார்த்தீர்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய நமக்கு, புளிப்பு என்றால் பளபளப்பு என்று ஒரு நம்பிக்கை. அலாய் சக்கரம் அலுமினியக் கலவை. அதன் மேல் மெல்லிய பூச்சு இருக்கிறது. ஆசிட் பூச்சை அரித்து அலுமினியத்தையும் அரிக்கும். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், பிறகு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். கடையில் விற்கும் சில சக்கரத் திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். இவை தோலில் பட்டவுடன் எரியாமல்கூட இருக்கலாம். சில மணி நேரம் கழித்து உள்ளே ஆழமாகப் புண்ணாக்கும். லேபிளில் இந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள்.

ஏனென்றால் அந்தத் திரவத்தைத் தொடப்போவது பெரும்பாலும் நாம் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து வரிசையாகக் கார் துடைக்கும் தம்பிதான். வெறுங்கையோடு, முகத்தில் துணிகூட இல்லாமல், காய்ந்த துணியால் சக்கரத்தைத் தட்டித் துடைக்கிறார். ஒரு காருக்கு நமக்குத் தெரியாத தூசி, இத்தனை கார்களுக்கு அவர் நெஞ்சுக்குள் போகிறது. பழைய பேடுகளில் கல்நாரும் கலப்பதுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய யூரோ 7 விதியில் முதன்முறையாக பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்தது: காற்றில் மிதக்கும் நுண்தூசி கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் காருக்கு 3. பத்தாயிரம் கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 70 கிராம். அதுவே அங்கே உச்சவரம்பு. இதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டுதானே விதி போட்டிருக்கிறார்கள்? எனவே எப்போதும் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். ஏர் கம்ப்ரஸரால் ஊதக் கூடாது. மெக்கானிக் டிரம்மைத் திறக்கும்போதும் அப்படித்தான்.

அடுத்தது தண்ணீர். திறந்துவிட்ட ஹோஸ் பத்து நிமிடத்தில் நூறு லிட்டரைத் தாண்டிவிடும். நாலு சக்கரத்துக்கு இரண்டு வாளி போதும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு நாம் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். ஆர்.ஓ. கழிவு நீரை முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாம். அதில் உப்பு அதிகம் என்பதால், காயவிட்டால் வெள்ளைத் திட்டு விழும், உடனே துடைத்துவிடுங்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதும் முக்கியம். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. நம் மழைநீர்க் குழிக்குப் போகும் கம்பிச் சட்டத்தின் மேல் நின்று கார் கழுவினால், இரும்பும் செம்பும் ரசாயனமும் நம் போர்வெல் பக்கமே இறங்கும். பேடில் உள்ள செம்பு நீரில் கலந்து மீன்களைக் கெடுக்கிறது என்பதற்காகவே கலிஃபோர்னியா 2010-இல் சட்டம் இயற்றி, 2025-க்குள் அதை அரை சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது.

சுத்தம் நீடிக்க வழி உண்டு. கழுவிக் காய்ந்த சக்கரத்துக்கு வேக்ஸ் தடவினால் தூசி கவ்வாது, அடுத்த முறை தண்ணீரிலேயே பாதி போய்விடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தடவுங்கள். செராமிக் வகைப் பேடில் தூசி பொதுவாகக் குறைவு. ஆனால் உங்கள் மாடலுக்கு உரியதாக இருந்தால் மட்டும் போடுங்கள். தூசி தடுக்கும் தகடு என்று டிஸ்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்ட விற்பார்கள். அது பிரேக் ஆறுவதைத் தடுக்கும், வேண்டாம். எல்லாவற்றையும்விட மலிவான வழி, தூரத்தில் சிக்னல் சிவப்பைப் பார்த்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது. பேடும் மிஞ்சும், பெட்ரோலும் மிஞ்சும்.

கடைசியாகச் செயற்குழுவுக்கு மூன்று கோரிக்கைகள். கழிவுநீர் வடிகாலோடு சேரும் ஓர் இடத்தைக் கார் கழுவ ஒதுக்குங்கள். வளாகத்துக்குள் ஆசிட்டால் சக்கரம் கழுவத் தடை போடுங்கள். கார் துடைப்பவர்களுக்கு ரப்பர் கையுறையும் முகக்கவசமும், சக்கரத்துக்கென்று தனி நிறத் துணியும் சங்கச் செலவில் கொடுங்கள். சக்கரம் துடைத்த துணி பானட்டுக்குப் போகாமல் இருந்தால் கீறல் குறையும். கையுறைக்கான செலவு நம் எல்லோருக்கும் அதிலேயே திரும்பக் கிடைத்துவிடும்.